நான் இறக்கிய கரும்பலகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்பதற்காக இதை நான் எழுதவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு முழுத் தெரு மூன்று நாள் அசையாமல் நின்றதற்கு நான்தான் காரணம் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். சுக்கு மூட்டை, மிளகு மூட்டை, ஏலக்காய்ப் பெட்டி என்று எதுவும் இறங்கவில்லை, எதுவும் ஏறவில்லை. ஆனால் அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. (வெட்கப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றையும் சொல்கிறேன்.)

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு கோவில்பட்டியில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தா. சாத்தூரில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகவும், அவருக்குச் சொந்தமாக மோட்டார் பம்புக் கடை இருப்பதாகவும் வாரம் இரண்டு முறை சாப்பிடும்போது சொல்வார். அந்த மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் மனிதரை எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது?

அந்த நேரத்தில்தான் மதுரையில் ஒரு தொண்டு சங்கம், வெளி மாநிலங்களில் இருக்கும் தமிழ்த் தொழிலாளிகளுக்குச் சம்பளம் வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். 'கொச்சி, மட்டாஞ்சேரி. ஓராண்டு. தங்கும் அறையும் சாப்பாட்டுச் செலவும் உண்டு' என்று பதில் வந்தது. வீட்டில் பூகம்பம். மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு (இரவில் சமையலறையில் முறுக்குத் தின்றது கணக்கில் வராது) அப்பா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"ஒரு வருஷம் முழுசா அங்க இருந்துட்டு வந்தேன்னா, கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன். நீயா சொல்றப்ப சொல்லு. ஆனா ஒரு நாள் முன்னாடி பெட்டியோட திரும்பி வந்தாலும் சாத்தூர்தான். சரியா?"

"சரிப்பா" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வருஷம் என் உயிராகிவிட்டது.

என் அத்தை, நான் சிங்கப்பூருக்குப் போவதாகவே தெரு முழுக்கச் சொல்லி, ஊறுகாய், கருவாடு, அரிசி வற்றல், ஒரு மூட்டை பச்சரிசி எல்லாம் கட்டிக் கொடுத்தாள். "அங்க அரிசி கிடைக்குமோ என்னமோ" என்றாள். பச்சை நிற டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கினோம். அதில் பாதிக்கு மேல் தமிழ் அரிச்சுவடிகள். மீதியில் என் புடவைகளும் மிகுந்த தன்னம்பிக்கையும்.

மட்டாஞ்சேரியில் போய் இறங்கிய அன்று, வண்டியிலிருந்து அந்தப் பெட்டியை நான் தொடுவதற்கு முன்பே நான்கு பேர் ஓடி வந்து தூக்கிக்கொண்டார்கள். செங்குத்தான மரப்படியில் ஏற்றி, ஒரு சுக்குக் குடோனின் மாடியில் தெருவைப் பார்த்திருந்த என் அறையில் வைத்துவிட்டு, தலையில் சுற்றியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவே அப்பாவுக்கு எழுதினேன்: 'இங்கே ஆசிரியர்களுக்கு இருக்கும் மரியாதையை நீங்கள் பார்க்க வேண்டும். பெட்டியைத் தொடக்கூட விடவில்லை.' என்னைக் கூட்டிவந்த சங்கத்து ஆள் கீழே அவர்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வெட்கப்பட வேண்டியவை சில இருப்பதாகச் சொன்னேன் இல்லையா? முதலாவது, தண்ணீர். சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். தம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து மூன்று முறை வாசலில் கொட்டினேன். நாலாவது முறை கடைக்காரர் வந்து, "மோளே, இது மரப்பட்டை இட்டு திளப்பிச்ச வெள்ளமாக்கும்" என்று என் முன்னாலேயே ஒரு தம்ளர் குடித்துக் காட்டினார். மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீராம்; அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். அதிலிருந்து அந்தக் கடையில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது: வெள்ளம் கொட்டும் டீச்சர்.

இரண்டாவது, என் முதல் வகுப்பு. குடோன் முதலாளி ஒரு காலிக் கொட்டகையை மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை இரவல் கொடுத்திருந்தார். சுக்கு பொறுக்கும் பெண்கள் பதினோரு பேர், வேலை முடிந்து, உடம்பெல்லாம் இஞ்சி நெடியோடு வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். நான் எழுந்து நின்று, எழுத்தறியாமை என்னும் இருளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு. "படிப்பறிவு இல்லாதவர்கள் கண்ணிருந்தும்..." என்று கையை உயர்த்தியபோது, முன்வரிசையில் இருந்த செல்லம்மா அக்கா தன் பையிலிருந்து மலையாளப் பத்திரிகையை எடுத்து, அதிலிருந்த தலையங்கத்தை உரக்க வாசித்துக் காட்டினார்.

"ஞங்களுக்கு வாசிக்கத் தெரியும் டீச்சரே. தமிழ்தான் வாசிக்கத் தெரியாது. ஊர்ல இருந்து வர்ற கத்து, கடுதாசி, வாசிக்கணும். அதுக்காக்கும் வந்தது" என்றார்.

பதினோரு பேருக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ கடையின் பெயர்ப் பலகைகூட வாசிக்கத் தெரியாது. அந்தத் தெருவில் அன்றைக்கு எழுத்தறியாத ஒரே ஆள் நான்தான்.

ஆனால் அவர்கள் என்னை விட்டுவிடவில்லை. ஊர்க் கடிதங்கள்தான் எங்களைச் சேர்த்துவைத்தன. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக இன்லண்ட் லெட்டரை நீட்டுவார்கள். நான் வாசிப்பேன். பிறகு சுமை தூக்கும் ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களின் குழுவுக்கு (யூனியன் என்றுதான் சொல்வார்கள்) தலைவர் கணேசன், செல்லம்மா அக்காவின் கணவர். ஆறடி உயரம், பேச்சு குறைவு. தெருவே அவரை கணேசேட்டன் என்று கூப்பிட்டது. நான் மட்டும் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பேன். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. ஒரே குறை, கரும்பலகை இல்லை. கொட்டகையின் கதவில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தேன். யாராவது உள்ளே வரக் கதவைத் திறந்தால் பாடம் பாதியில் சுவர்ப் பக்கம் போய்விடும். முதலாளியும் முகம் சுளித்தார். மதுரைக்கு எழுதினேன். 'பலகை செய்துகொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் நேரில் வந்து வகுப்பைப் பார்வையிடுவார். திருப்தியாக இருந்தால் மட்டுமே தொடரும்' என்று பதில் வந்தது. கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு சாத்தூர் மோட்டார் பம்புகள் ஓடும் சத்தம் கேட்டது.

பள்ளுருத்தியில் ஒரு ஆசாரியிடம் சொல்லி, ஆறடிக்கு நாலடி, பலா மரச் சட்டம் போட்டு, நல்ல கனமான பலகை செய்யவைத்தேன். புதன்கிழமை மாலை அது கைவண்டியில் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஆனி மாத மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருந்தது. வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"இறக்குங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஆளு வரும்" என்றார்.

"எந்த ஆளு?"

"இறக்குந்ந ஆளு."

மேலே மேகம் திரண்டுகொண்டிருந்தது. பலகையின் கறுப்புச் சாயம் சரியாகக் காயவில்லை. உள்ளே பதினோரு பெண்கள் காத்திருந்தார்கள். எனக்கு எங்கள் சங்கத்தின் முதல் விதி ஞாபகம் வந்தது: தன் வேலையைத் தானே செய்ய வேண்டும். செயலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத்தான் சொல்வார். புடவை முந்தானையை இடுப்பில் செருகினேன்.

"தொடண்டா டீச்சரே!" என்று வண்டிக்காரர் பீடியோடு எழுந்தார். தொடாதே என்று அவர் சொன்னதை நான் அவருடைய அன்பு என்று எடுத்துக்கொண்டேன். பாவம், ஒரு பெண் கஷ்டப்படுகிறாளே என்று பதறுகிறார். ஒரு பெண்ணால் முடியும் என்று காட்ட வேண்டியது என் கடமை அல்லவா? பலகையை இழுத்து, முதுகில் சாய்த்து, கூன் விழுந்த கிழவி போல வளைந்து, பதினைந்து அடி தூரம் சுமந்துபோய்க் கொட்டகைச் சுவரில் சாத்தினேன். ஜாக்கெட் முதுகு முழுக்கக் கறுப்பு. திரும்பிப் பார்த்தால், தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தி ஒரு புன்னகை செய்தேன். (அந்தப் புன்னகையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றும்.)

எதிரே லாரியிலிருந்து சாக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், தலையிலிருந்த மூட்டையைத் திரும்ப லாரியிலேயே வைத்தார். பிறகு இன்னொருவர். யாரும் கத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தோர்த்தை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீக்கடைப் பக்கம் போய் நின்றார்கள். கணேசன் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"டீச்சரே, அது திரும்ப வண்டியில ஏத்தணும்."

"ஏன்?"

"ஞாங்க இறக்கணும்."

"அதான் இறக்கியாச்சே!"

"டீச்சர் இறக்கின. ஞாங்க இறக்கல."

அந்தத் தெருவில் வண்டியிலிருந்து எது இறங்கினாலும், எது ஏறினாலும் அது அந்தத் தெருச் சுமைக்காரர்களின் கை. வேறு கை படக்கூடாது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த அந்த முறையை, இரண்டு மாதமாகத் தினமும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தும் நான் தெரிந்துகொள்ளவில்லை. கூலி கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் இறக்கியதை நானே திரும்ப வண்டியில் வைத்து இல்லாமல் ஆக்க வேண்டும் (அது ஏற்றுகிற கணக்கில் வராது), அப்புறம் பலகை முறைப்படி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

"என் பலகை. என் முதுகு. நான் தூக்கினேன். திரும்ப வைக்க முடியாது" என்றேன்.

"சரி" என்றார் அண்ணாச்சி. போய்விட்டார். வண்டிக்காரரும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார்.

வியாழக்கிழமை தெருவில் நாலு லாரி நின்றது. மாலைக்குள் ஒன்பது ஆயிற்று. பாதி லாரிகள் போடி, கம்பம் பக்கத்து வண்டிகள். டிரைவர்கள் தெருவிலேயே ஸ்டவ் மூட்டிச் சமைக்க ஆரம்பித்தார்கள். தேனிக்காரர் ஒருவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, நம்ம ஊர்ப் பிள்ளைதான நீ? அந்தப் பலகையத் தூக்கி வச்சிரு தாயி. ஏலக்கா நனையுது."

"கொள்கை அண்ணாச்சி" என்றேன் மேலிருந்து.

"கொள்கைய அப்புறம் வச்சுக்க. பலகைய இப்ப வையி" என்றார்.

வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. காலிக் கொட்டகையில், புத்தம் புதிய கரும்பலகையில் 'அ' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பிடிவாதம் பிடிக்கட்டும், பெண்களாவது என் பக்கம் நிற்பார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையையும் அன்று மாலையே செல்லம்மா அக்கா வந்து உடைத்துவிட்டார். கையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டில் சண்டை கிடையாது என்பது அவருடைய கொள்கை.

"தின்னுங்க டீச்சரே. பின்னே ஒண்ணு பறயட்டா? நீங்க செஞ்சது சரியில்ல கேட்டோ."

"அக்கா, என் சொந்தப் பலகையை நான் தூக்கினது தப்பா?"

"நீங்க தூக்கினது பலகை. நாளைக்கு முதலாளி வந்து, 'டீச்சர் தூக்கினாளே, என் சாக்கை என் பையன் தூக்குவான், என் லாரிக்காரன் தூக்குவான்'னு பறஞ்சா? எங்க வீட்ல அடுப்பு எரியறது இந்த ஒரு முறையிலயாக்கும். உங்களுக்குக் கை சும்மா இருக்குன்னு தூக்கினீங்க. எங்க ஆளுக்குக் கை சும்மா இருந்தா அடுப்பு சும்மா இருக்கும்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறையக் கிழங்கு. அவர் சொன்னது நியாயம் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் கோபம் அதிகமானதற்கு அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆளில்லாத கொட்டகையைப் பார்த்தால் செயலாளர் அன்றைக்கே என்னை ரயில் ஏற்றிவிடுவார்.

"அக்கா, அவங்க அவங்க வேலையை அவங்க அவங்கதான் செய்யணும், இல்லையா?" என்று கேட்டேன்.

"அதன்னே."

"சரி" என்றேன். நானும் ஒரு 'சரி' சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஜன்னலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன். கீழே கணேசன் அண்ணாச்சி கையில் ஒரு இன்லண்ட் லெட்டரோடு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். அவருடைய அக்கா மகள் சரசுக்கு இது பேறுகாலம். முதல் இரண்டு தங்கவில்லை என்று போன மாதக் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு முறை என் ஜன்னலைப் பார்த்தார். நான் உடனே புத்தகத்துக்குள் புகுந்துகொண்டேன். அவர் நேராக அந்தத் தேனி டிரைவரிடம் போய்க் கடிதத்தை நீட்டினார்.

நான் படியில் இறங்கவில்லை, விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிரைவர் கடிதத்தைக் கிழித்துப் பிரித்து, தொண்டையைச் செருமி, "அன்புள்ள தம்பி கணேசனுக்கு, நம்ம சரசுக்கு..." என்று ஆரம்பித்திருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். தெரு மறுபடியும் என்னைப் பார்த்தது. "இந்தத் தெருவில தமிழ்க் கடிதம் வாசிக்கிறது யார் வேலை?"

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன்.

"ரெண்டு மாசமா யார் வாசிக்கிறா? சொல்லுங்க அண்ணாச்சி, யார் வேலை?"

"டீச்சர் வேலை" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"அப்ப இவர் எப்படிப் பிரிக்கலாம்? கடிதத்தை மடிங்க. ஒட்டுங்க. என் கையில கொடுங்க. நான் பிரிக்கணும், நான் வாசிக்கணும்."

"தாயி, பிள்ள பொறந்துச்சா இல்லையான்னு மட்டும் ஒத்த வார்த்த..." என்று டிரைவர் கெஞ்சினார். அவர் கண் கடிதத்திலேயே இருந்தது.

"ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது!"

கணேசன் அண்ணாச்சியின் நெற்றியில் வியர்வை. அந்தக் கணத்தில் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் பிள்ளை பிழைத்ததா என்று தெரியாமல் நிற்கிறார், நான் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் நானே பிடுங்கி வாசித்திருப்பேன். ஆனால் அவர் கையை நீட்டி, டிரைவரிடமிருந்து கடிதத்தை வாங்கி, மடித்தார்.

"டீச்சர் பறஞ்சது ஞாயம்" என்றார். "பசை கொண்டு வா."

டீக்கடையிலிருந்து சோற்றுப் பருக்கை வந்தது. சிவப்பு அரிசி, விரல் தடிமன். அதை நசுக்கி நசுக்கி, கிழிந்த விளிம்பை ஓர் ஆறடி மனிதர் ஒட்டுவதை முப்பது பேர் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஒட்டிய கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நான் பிரித்தேன். பருக்கை என் விரலில் ஒட்டிக்கொண்டது. "நம்ம சரசுக்கு திங்கட்கிழமை காலையில் ரெட்டைப் பிள்ளை. ரெண்டும் ஆண். தாயும் பிள்ளைகளும் சுகம்..." அதற்கு மேல் வாசிக்கவிடவில்லை. தெருவில் அப்படி ஒரு சத்தம். அண்ணாச்சி தோர்த்தால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே பேசி முடித்தோம். சனிக்கிழமை காலை நான் பலகையை என் கையாலேயே திரும்ப வண்டியில் ஏற்றுவேன். அவர்கள் இறக்குவார்கள். நான் இரண்டு நிபந்தனை போட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். இறக்கி வைப்பவர்களும் மாலையில் வந்து அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து தமிழ் படிக்க வேண்டும்.

"எல்லாரும் படிச்சா பின்னே டீச்சருக்குக் கத்து வாசிக்கிற வேலை போகுமே" என்றார் செல்லம்மா அக்கா.

"போகட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது லாரிகளும், முப்பது சுமைக்காரர்களும், பதினோரு மாணவிகளும் பார்த்திருக்க, நான் பலகையை முதுகில் சுமந்து வந்து கைவண்டியில் ஏற்றினேன். கைதட்டல்கூட எழுந்தது. அண்ணாச்சியின் ஆட்கள் தோர்த்தைத் தலையில் சுற்றினார்கள். அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னம்மா இது? பலகையை ஏற்றிக்கொண்டு ஓடிப்போகப் பார்க்கிறாயா?"

செயலாளர். வெள்ளைக் கதர், கையில் குடை, ஒரு நாள் முன்னதாக. திடீர்ச் சோதனை அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"இல்லை சார், நாங்க இப்ப..."

"ஒரு பலகையை உள்ளே கொண்டுபோக முப்பது பேர் வேடிக்கையா? வெட்கம்! தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?" குடையை வண்டிக்காரர் கையில் திணித்துவிட்டு, பலகையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு கொட்டகையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

முப்பது தோர்த்துகள் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

நான் பாய்ந்தேன். இன்றுவரை அப்படி ஓர் அலறல் என் தொண்டையிலிருந்து வந்ததில்லை. "சார், வைங்க கீழ! இல்ல, கீழ வைக்காதீங்க, வண்டியில வைங்க! தொடாதீங்கன்னா தொடாதீங்க! அது அவங்க வேலை!"

"என்னை அதட்டுகிறாயா?" என்று திரும்பினார். திரும்பியது அவர் மட்டும்தான். ஆறடிப் பலகை திரும்பவில்லை. சேற்றில் கால் வழுக்கி, செயலாளர் ஒரு குட்டைக்குள் உட்கார்ந்தார். பலகை அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. ஒருவரும் நகரவில்லை. தூக்கலாமா, கூடாதா? வண்டியிலிருந்து விழுந்த சரக்கா, தானாக வந்த ஆளா? முப்பது பேரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆளைத் தூக்கலாம். போர்டைத் தொடண்டா" என்று தீர்ப்புச் சொன்னார்.

நாலு பேர் செயலாளரைப் பலகைக்கு அடியிலிருந்து உருவி எடுத்து நிறுத்தினார்கள். அவர் கதர் முழுக்கக் கறுப்பு. நான் பலகையை மறுபடி வண்டியில் ஏற்றினேன். அவர்கள் மறுபடி இறக்கினார்கள். அன்று பிற்பகலே லாரிகள் ஓடின. மாலை ரயிலில் செயலாளரும் ஓடினார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'பொது வீதியில் செயலாளரை அவமதித்ததாலும், சங்கத்தின் முதல் விதிக்கு விரோதமாக நடந்ததாலும் நீக்கப்படுகிறீர்கள்.' இதன் நகல் அப்பாவுக்கும் போயிருந்தது. வந்து சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொட்டகையில் அப்போது முப்பத்தெட்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில். சங்கத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பிழைப்புக்குக் காலையில் குடோன் முதலாளியின் தமிழ்க் கடிதங்களை எழுதிக்கொடுப்பதாக ஏற்றுக்கொண்டேன். ஆனால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

சொல்ல நேரம் இருக்கவில்லை. அவரே வந்துவிட்டார். கறுப்பாகிப்போன என் ஜாக்கெட்டை, சிவப்புத் தண்ணீரை, சிவப்பு அரிசியை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கிளம்பு."

"அப்பா, வேலையை விட்டு நீக்கினது அவங்க. நான் ஊரை விட்டு வரலையே."

"பேச்செல்லாம் வீட்ல" என்று என் பச்சைப் பெட்டியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் கோபத்தில் இருந்தால் எருமையைக்கூடத் தூக்குவார். நான் பின்னாலேயே ஓடினேன். பாதி மரப்படி இறங்கியவர் நின்றுவிட்டார். படியின் அடியில் கணேசன் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். வாசலில் டாக்சி.

"ஐயா, பெட்டி அங்கேயே வைக்கணும். இது எங்க ஏரியா. வண்டியில ஏத்தறது ஞாங்கதான்."

அப்பாவுக்கு என் முதல் கடிதம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது. பெட்டியைப் படியில் வைத்தார். "நல்லது தம்பி. தூக்குங்க" என்றார்.

"இன்னைக்குத் தூக்கறதில்ல."

"ஏன், வேலைநிறுத்தமா?"

"இல்ல ஐயா."

"அப்ப எப்பத்தான் தூக்குவீங்க?"

அண்ணாச்சி படியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "டீச்சர் பறயும்போ" என்றார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர், உரியவர் கையெழுத்து இல்லாமல் பார்சலை எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். டாக்சியை அனுப்பிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து அண்ணாச்சியோடு ஒரு சாயா குடித்தார். என்ன பேசினார்கள் என்று இருவருமே கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. அன்றிரவு அப்பா மட்டும் ரயில் ஏறினார்.

அதன் பிறகு வாரம் ஒரு கார்டு வரும். நலம் விசாரிப்பார், மழை நிலவரம் சொல்வார், கடைசியில் ஒரே ஒரு வரி: 'பெட்டி இறங்கியதா?' நானும் ஒரே வரியில் பதில் எழுதுவேன்: 'யூனியனில் பேச்சுவார்த்தை நடக்கிறது.' ஒரு வருஷத்தில் முடிந்திருக்க வேண்டிய பேச்சுவார்த்தை ஏழு வருஷம் நடந்தது. சாத்தூர்க்காரர் இதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டு, மூன்று குழந்தைகளும் ஆறு மோட்டார் பம்புகளுமாகச் சுகமாக இருந்தார்.

இப்போது என் வீட்டில் யார் எதைத் தூக்கினாலும், கேஸ் சிலிண்டரோ கட்டிலோ, "யூனியன்ல கேட்டாச்சா?" என்று ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். என் பேத்தி பள்ளிக்கூடப் பையைத் தூக்கும்போதுகூடக் கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறாள். எனக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், நான் தேர்ந்தெடுத்தவரோடு, நான் தேர்ந்தெடுத்த ஊருக்குப் போவதற்காக, "அண்ணாச்சி, இன்னைக்குத் தூக்கலாம்" என்று சொன்னேன். அவரே வந்து, அந்தப் பச்சைப் பெட்டியைத் தன் தலையில் ஏற்றி, படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார். அப்பா கீழே நின்றுகொண்டிருந்தார். பெட்டி அவர் பக்கத்தில் வந்தபோது, பழக்கத்தில் அவர் கை தானாக முன்னால் நீண்டது. உடனே அதை இழுத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒதுங்கி வழி விட்டார்.

பலகை விஷயத்தில் மன்னிப்பா? கேட்கவில்லை. அவர்களும் கேட்கச் சொல்லவில்லை.